இருபத்து மூன்று லொடுக்கன்கள்

ஜூலை 2, செவ்வாய்

கூட்டுறவு வங்கியில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எரிச்சல்தான். யாரிடமாவது கொட்ட வேண்டும். ஆவுடையிடம் கொட்டினால் அவள் எதிர்க்கட்சிக்குத்தான் வக்காலத்து வாங்குவாள். கட்டிய மனைவி என்று பேர்.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை எமிலி டீச்சர் கூப்பிட்டார். மேசைமேல் செங்கல் அளவில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே மெமரி கார்டில் நாற்பது கதைகள். எங்கள் வட்டாரத்தில் ஆறு பள்ளிக்கூடங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்களாம். செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பீரியடில் ஒரு கதை போட வேண்டும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் மனசில் என்ன பார்த்தார்களோ அதை வரைய வேண்டும். ஆசிரியர் எதையும் விளக்கக் கூடாது.

"எதையும் விளக்கக் கூடாதுன்னா நான் எதுக்கு டீச்சர்?"

"பெட்டிய ஆன் பண்ணுததுக்கு சார்."

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. மூன்றாம் வகுப்புச் சுவரில் முப்பத்தொரு சார்ட் தொங்குகிறது, முப்பத்தொன்றும் என் கையால் எழுதி வரைந்தவை. வனவிலங்குகள் சார்ட்டுக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு. பார்வைப் பதிவேட்டில் இதுவரை எந்த அதிகாரியும் என்னைப் பற்றி ஒரு குறை எழுதியதில்லை. அப்படிப்பட்ட ஐயம்பெருமாளைப் பெட்டிக்கு ஸ்விட்ச் போட வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 5, வெள்ளி

முதல் கதை. பல்வலி வந்த சிங்கம். பெட்டிக்குள் இருக்கும் பெண் நன்றாகத்தான் சொல்கிறாள். சிங்கம் "ஆ" காட்டியபோது இருபத்து மூன்று பிள்ளைகளும் கண்ணை மூடியபடியே வாயைத் திறந்தன. அந்த நேரத்தில் நான் வருகைப் பதிவேட்டை முடித்துவிட்டேன். அந்த மட்டுக்கும் பெட்டியால் ஒரு லாபம்.

பிறகு வரைந்தார்கள். சொன்னால் கர்வம் என்பார்கள், ஆனால் உள்ளதை எழுதுகிறேன். இருபத்து மூன்றும் என் சிங்கம். பிடரி மூன்று அடுக்கு, வால் நுனியில் குஞ்சம், மேலே முறுக்கிய மீசை. சார்ட்டிலிருந்து இறங்கி வந்து தாளில் உட்கார்ந்துகொண்டது போல. பல்வலிக்காரச் சிங்கமே ஒன்றும் இல்லை, எல்லாம் ஜம்மென்று நிற்கின்றன.

எமிலி டீச்சரிடம் அடுக்கிக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் ஒரே சிங்கமா இருக்கே சார்."

"ஆமா டீச்சர்" என்றேன். ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

இன்றைக்கு வந்த கதை கொஞ்சம் கோட்டித்தனமானது, கிறுக்குப் பிடித்தது. லொடுக்கன் என்று ஒரு பிராணி. மழை பெய்தால் மட்டும் வெளியே வரும். நடந்தால் லொடக் லொடக் என்று சத்தம். சந்துக்குள் நுழைந்தால் திரும்ப முடியாது, பின்னாலேயே நடந்துதான் வெளியே வர வேண்டும். வெங்காயம் என்றால் பயம். இவ்வளவுதான். கண் எப்படி, காது எப்படி, என்ன நிறம், ஒன்றும் கிடையாது. இப்படியா பிள்ளைகளுக்குச் சொல்வது?

கதை முடிந்ததும் எல்லாத் தலையும் சுவரைப் பார்த்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தேடினார்கள்.

"சார், லொடுக்கன் எந்தச் சார்ட்ல இருக்கு?" என்று தர்ஷிகா கேட்டாள்.

பாவமாக இருந்தது. விளக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், வரையக் கூடாது என்று சொல்லவில்லையே. போர்டில் ஒரு லொடுக்கன் போட்டேன். யானை உடம்பு, கரடி முகம், குட்டை வால். அஞ்சு நிமிஷத்தில் போட்டதற்கு மோசமில்லை. பிள்ளைகள் அப்படியே பார்த்து வரைந்தார்கள். ஒரு பிள்ளைகூடச் சத்தம் போடவில்லை. இரண்டாவது பெஞ்ச் இசக்கி மட்டும் ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"என்னட்டி, வரையலயா?"

"வரையுதேன் சார்" என்று சொல்லிவிட்டு வரைந்தாள்.

ஜூலை 12, வெள்ளி

ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ எடுத்து வட்டார வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். மறந்தே போயிருந்தேன். இன்றைக்கு எடுத்துப் போட்டாயிற்று. ஒரு சோலி முடிந்தது.

வழியில் ஆவுடைக்குச் சீயக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

முடியவில்லை. சோலி இப்போதுதான் ஆரம்பம்.

காதால் கேட்பதைப் போட்டோவில் எப்படிக் காட்டுவது என்று யாராவது யோசித்தார்களா? நான் போட்ட படத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள் டெஸ்க்கில் தலை சாய்த்து, கண்ணை மூடி, சிலது வாயைப் பிளந்துகொண்டு. பெட்டி எங்கே என்றால், என் மேசைமேல், படத்துக்கு வெளியே. கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா காலையில் குழுவிலேயே கேட்டுவிட்டார்: "வேலை நேரத்தில் ஒரு வகுப்பு முழுவதும் உறங்குவது எப்படி? விளக்கம் தருக." நூற்றுப்பத்து ஆசிரியர்கள் பார்த்தாயிற்று. கீழநத்தம் பள்ளிக்கூடத்து சார் ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டு, உடனே அழித்தார். அழித்ததும் நமக்குத் தெரியும்.

ஆவுடை போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நீங்க பாடம் நடத்துனா தூங்கத்தான செய்யும்."

"ஏட்டி, அதுக கத கேக்குது."

"கத கேக்குத மூஞ்சியா இது? எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க."

ஜூலை 15, திங்கள்

எமிலி டீச்சர் விளக்கக் கடிதம் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மதியமே பதில் வந்துவிட்டது. முப்பதாம் தேதி செவ்வாய் அலுவலர் நேரில் வருகிறார். கதை நேரம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார். நடக்கவில்லை என்று பட்டால் பெட்டி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும், வாங்குவதற்கு வரிசையில் நிற்கிறார்களாம்.

போனால் போகட்டும் சவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "சார், பெட்டியக் கொண்டு போயிருவாவளா?" என்று ஒவ்வொன்றாக வந்து கேட்கிறது. போன வாரம் காய்ச்சலோடு வந்த சுடலைமணியை வீட்டுக்குப் போகச் சொன்னால், "கத முடிஞ்சு போறேன் சார்" என்று அழுதான். எனக்காக எந்தப் பிள்ளையும் காய்ச்சலோடு வந்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அம்மன் கோவில் கொடை, ஊர்த் திருவிழா. பள்ளிக்கூடத்து வேப்பமரத்திலேயே குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். பெட்டி பேசியது பெட்டிக்கே கேட்டிருக்காது.

ஜூலை 19, வெள்ளி

போட்டோவுக்காகப் பிள்ளைகளைக் கண்ணைத் திறந்து உட்காரச் சொன்னேன். நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டு. படம் அருமையாக வந்தது. குழுவில் மூன்று பேர் கைதட்டினார்கள். கதை என்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அதிகாரி வருகிறார் என்று பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். நாளைக்கு எங்கள் வகுப்பு முறை. சாயங்காலம் இருந்து முப்பத்தொரு சார்ட்டையும் நானே கழற்றிச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்தேன். அந்த ஆட்கள் கையில் கொடுத்தால் துடைக்க எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

வகுப்பில் சுண்ணாம்பு வாசனை. நாலு சுவரும் வெறும் வெள்ளை. நான் உள்ளே போனதும் தப்பான வீட்டுக்குள் நுழைந்தது போல நின்றேன். கடைசிப் பீரியடில் பெட்டியைப் போட்டால் கார்டு சிக்கிக்கொண்டது, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் லொடுக்கன்தான் வருகிறான். சரி, அதையே கேளுங்கள் என்று விட்டுவிட்டேன். கேட்ட கதைதானே, முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தால், கதையோடு சேர்ந்து காலால் தரையில் லொடக் லொடக் என்று தட்டுகிறார்கள்.

முடிந்ததும் பழையபடி எல்லாத் தலையும் சுவரைப் பார்த்தது. சுவரில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன். அதற்குள் ஒவ்வொன்றாகக் குனிந்துகொண்டது.

இருபத்து மூன்று தாள். ஒன்று வெறும் காலடித் தடம் மட்டும். ஒன்று சந்தில் மாட்டிக்கொண்ட முதுகு, தாள் முழுக்க முதுகு. தர்ஷிகாவின் லொடுக்கனுக்குக் குடை போன்ற காது. சுடலைமணி லொடுக்கனே வரையவில்லை, ஒரு பெரிய வெங்காயம் வரைந்து, "அது ஓடிட்டு சார்" என்றான். இசக்கியின் லொடுக்கன் தகர டப்பாக்களை ஒட்டி வைத்த உடம்போடு, அழுகிற முகத்தோடு இருக்கிறது.

"அன்னைக்கு இப்படி வரையலையே நீ" என்று அவளிடம் கேட்டேன்.

"அன்னைக்கும் இதான் சார் தெரிஞ்சிது. நீங்க போர்டுல போட்டுட்டிய."

அவள் குறை சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

கோடு ஒன்றும் நேராக இல்லை. அளவு என்று ஒன்று கிடையாது. காலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆவுடை தோசையை வைத்துவிட்டுப் புரட்டினாள்.

"என்னங்க இது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளு வரைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒவ்வொரு ஆளுதானட்டி வரைஞ்சிருக்கு."

சொன்ன பிறகு தோசை இறங்கவில்லை. சட்னியில் காரம் அதிகம்.

ஜூலை 25, வியாழன்

சுவர் காய்ந்துவிட்டது. எமிலி டீச்சர் சார்ட்டையெல்லாம் மாட்டச் சொன்னார். மாட்டினேன். வகுப்பு பழையபடி வகுப்பு மாதிரி ஆயிற்று. அழகாகத்தான் இருக்கிறது, அதில் என்ன சந்தேகம்?

ஜூலை 26, வெள்ளி

கார்டைச் சரிசெய்தாயிற்று. புதுக் கதை: இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு ஊர். ஆறு எந்தப் பக்கம் போகிறதோ, ஊரும் எழுந்து அந்தப் பக்கம் போகும். கேட்கும்போது பிள்ளைகள் காலெல்லாம் ஆடியது, எனக்கு நம்பிக்கையாகவே இருந்தது.

இருபத்து மூன்று தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. "நமது கிராமம்" சார்ட், ஜன்னலுக்கு வலப்புறம், நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து வரைந்தது. ஊர் ஒன்றும் நகரவில்லை. இசக்கிகூட அதைத்தான் வரைந்திருந்தாள். மழமழவென்று, பிழையில்லாமல்.

எல்லாவற்றுக்கும் "குட்" போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஆவுடையின் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் அவியல் நன்றாக இருந்தது. மனசு அதில் இல்லை.

ஜூலை 29, திங்கள்

பிள்ளைகள் போன பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். வாய்பாடு, எழுத்துகள், மாதங்கள் எல்லாம் இருக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதிலும் மூலைக்கு மூலை நான் படம் போட்டு வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. முப்பத்தொன்றையும் இறக்கிவிட்டேன்.

எமிலி டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"சார், நாளைக்கு அம்மா வாராங்க. வெறும் செவுரப் பாத்தா ரிமார்க் எழுதிருவாங்க."

"தெரியும் டீச்சர்."

"உங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல."

"அதும் தெரியும்."

"பெறகு?"

"தூசியா இருக்கு டீச்சர், தொடைக்கணும்" என்றேன்.

அவர் உள்ளே வந்து, ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 30, செவ்வாய்

அலுவலர் அம்மா இரண்டே முக்காலுக்கு வந்தார். சிடுமூஞ்சி என்று கேள்விப்பட்டிருந்தேன், அப்படியெல்லாம் இல்லை. தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் கேட்டார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. எமிலி டீச்சர் வாசலோரம் நின்றார்.

கதை, நிலாவுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போகும் ஒரு பிராணி. தூரம் அதிகம், வழியில் அசந்து தூங்கிவிடும். தூங்கும்போது தண்ணீர் சிந்தும், நமக்கு மழை. அம்மா கண்ணை மூடவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை இன்றைக்கென்று பார்த்து நிஜமாகவே தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

வரைந்து முடித்ததும் அம்மா பெஞ்ச் பெஞ்சாக வந்தார். இசக்கியிடம் நின்றார்.

"என்னம்மா இது, ஏழு காலு? கதையில காலப் பத்திச் சொல்லவே இல்லையே."

"கால் கெடையாதுன்னும் சொல்லல மேடம்."

எனக்குத் திக்கென்றது.

"சரி, எதுக்கு ஏழு?"

"ஆறு கால் நடக்கும். ஒண்ணு சும்மா தொங்கும். அதுல வாளிய மாட்டிக்கிடும்."

அம்மா பக்கத்துத் தாளைப் பார்த்தார். ரியாஸின் பிராணி தண்ணீராலேயே ஆனது, உள்ளே மீன் நீந்துகிறது. அதற்கடுத்தது கண்ணுக்கே தெரியாத பிராணியாம், ஈரம் மட்டும் தெரிகிறது. அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருப்பி அதே இடத்தில் வைத்தார். கடைசியில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார்.

"சார், உங்க சார்ட்டுக்குப் பரிசு கொடுத்த விழாவுல நானும் இருந்தேன். எங்க அதெல்லாம்?"

தூசி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் மேடம் கழத்துனேன். அது தொங்கிச்சுன்னா பிள்ளைங்க அதத்தான் பாக்குது. இருவத்திரெண்டு வருஷமா என் படத்தத்தான் அதுக வரைஞ்சிருக்கு. நான் அத அதுக படம்னு நெனச்சு மார்க் போட்டிருக்கேன்."

இதை நான் இந்த டைரியில்கூட எழுதவில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. பிள்ளைகள் முன்னால், எமிலி டீச்சர் முன்னால், குரல் வேறு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, முதுகிலிருந்து மூட்டையை இறக்கினது போலவும் இருந்தது.

அம்மா வெளியே நடந்தார். அலுவலக அறையில் உட்கார்ந்து பார்வைப் பதிவேட்டில் எழுதினார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தோம். "மூன்றாம் வகுப்பில் கற்றல் துணைப்பொருள்கள் காட்சிப்படுத்தப்படவில்லை. சுவர்கள் வெறுமையாக உள்ளன. ஆசிரியர் சரிசெய்ய வேண்டும்." அதன் கீழே, "கதை நேரம் சிறப்பு. ஒலிப்பெட்டி இப்பள்ளியிலேயே தொடரலாம்."

எமிலி டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு ரிமார்க் விழுந்துட்டே சார்."

"பெட்டி இருக்குல்லா டீச்சர்."

வகுப்பில் போய்ச் சொன்னேன். பெஞ்சைத் தட்டின சத்தத்தில் அடுத்த வகுப்பு எட்டிப் பார்த்தது. சீயக்காய், அரைக் கிலோ வெண்டைக்காய், கொஞ்சம் மிக்சர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆவுடையிடம் முழுவதையும் சொன்னேன். முதல் தடவையாக எதிர்க்கட்சிக்குப் பேசவில்லை. "காபி போடட்டா?" என்றாள்.

ஜூலை 31, புதன்

துணைப்பொருள் என்று ஏதாவது மாட்டித்தானே ஆக வேண்டும்? பிள்ளைகள் இதுவரை வரைந்ததை மாட்டலாமா என்று எமிலி டீச்சர் கேட்டார். அதையும் காப்பியடிப்பார்கள் டீச்சர் என்றேன். வாய்பாட்டுச் சார்ட் இரண்டை மட்டும் படமில்லாமல் புதிதாக எழுதி மாட்டினேன். கதை நேரத்தில் திருப்பிவிடலாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடைசிப் பீரியடில் பெட்டியை ஆன் பண்ணிவிட்டு, வழக்கம் போலப் பதிவேட்டை எடுத்தேன்.

"சார், நீங்க ஏன் கண்ண மூட மாட்டக்கிய?" என்று இசக்கி கேட்டாள்.

"ஒங்களப் பாத்துக்கிட ஆள் வேண்டாமா?"

"நாங்க எங்கயும் போவ மாட்டோம் சார்."

இரண்டாவது பெஞ்சில் அவளும் ரியாஸும் நகர்ந்து இடம் விட்டார்கள். போய் உட்கார்ந்தேன். டெஸ்க்கில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். காற்றைச் சாக்கில் பிடித்து விற்கிற ஒருத்தியைப் பற்றிய கதை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் இருட்டு. அப்புறம் ஒரு பெண் வந்தாள், "நமக்கு உதவுபவர்கள்" சார்ட்டில் நான் வரைந்த காய்கறிக்காரி. அவளைத் தள்ளிவிட்டேன். மறுபடி வந்தாள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதை முடிந்துவிட்டது. தாள் கொடுத்தாயிற்று. என் முன்னாலும் ஒரு தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலட்டி" என்று இசக்கியிடம் பைய, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"மொதல்ல அப்படித்தான் சார் இருக்கும். அவசரப்படாதிய" என்றாள், தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுபடி கண்ணை மூடினேன். கதையில் அந்தச் சாக்கு கிழியும்போது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டேன், கோணலாக வந்தது. அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அது என்னவென்று எனக்கே தெரியவில்லை, ஆனால் எந்தச் சார்ட்டிலும் அது இல்லை என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

ரியாஸ் என் தாளை எட்டிப் பார்த்தான். கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.